கூட்டுக் கணக்கு: தொடங்கியும் தொடங்காமல் இருப்பது எப்படி?

2024 ஜூலை 10. உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஜீவனாம்ச வழக்கு. அதில் நீதிபதி பி.வி. நாகரத்னா தனியாக எழுதிய தீர்ப்பில் நாட்டிலுள்ள கணவன்மாருக்கெல்லாம் ஒரு செய்தி இருந்தது. சொந்த வருமானம் இல்லாத மனைவியின் பணத் தேவையைக் கணவன் உணர வேண்டும். இருவரும் சேர்ந்து வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஏ.டி.எம். கார்டைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றார். டெல்லியில் சொன்னது மறுநாள் காலைக் காபிக்குள் சென்னைக்கு வந்துவிட்டது. மயிலாப்பூரில் "படிச்சேளா?" என்றும், தி. நகரில் "படிச்சீங்களா?" என்றும், அடையாறில் "படிச்சியாடா?" என்றும் கேட்கப்பட்ட கேள்விக்கு "ம்" என்பதற்கு மேல் பதில் வந்ததாகத் தகவல் இல்லை.

அந்த "ம்" சொன்னவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. கோர்ட் சொன்னபடி கணக்குத் தொடங்கிய மாதிரியும் இருக்க வேண்டும், வீட்டில் ஒன்றும் மாறாமலும் இருக்க வேண்டும். முடியுமா என்றால், தாராளமாக முடியும். மனைவிமாருக்கும் சில குறிப்புகள் உண்டு. அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய தேவை குறைவு என்பதால் அவை சுருக்கமாக இருக்கும்.

இனிஷியல் காப்பாற்றும்

கூட்டுக் கணக்கைத் தள்ளிப்போட நினைப்பவருக்குத் தமிழ் மரபு தந்திருக்கும் கொடை இனிஷியல். மனைவியின் பெயர் உமா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எஸ். உமா. ஆதாரில் எஸ் பின்னால் போய் உமா எஸ். பான் கார்டில் அந்த எஸ் விரிந்து அவர் அப்பாவே முழுசாக வந்து உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் அப்பா எழுந்து கணவருக்கு இடம் கொடுத்திருப்பார். நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்க்கும் வங்கி அதிகாரி, "இதுல எந்த மேடத்தைச் சேர்க்கணும் சார்?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மனைவியைப் பாருங்கள். வருத்தமாகப் பாருங்கள்.

வெளியே வந்ததும், "பேரை முதல்ல கெஸட்ல மாத்திடலாம்" என்று அக்கறையோடு சொல்லுங்கள். அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளைக்குள் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் வீட்டில் கல்யாண ஆல்பம் இருக்கும், பத்திரிகை இருக்கும், சத்திரத்துக்குக் கட்டிய பாக்கி ரசீதுகூட இருக்கும். அந்தச் சான்றிதழ் மட்டும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இப்படியே இரண்டு நிதியாண்டுகளை ஓட்டிவிடலாம்.

எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

ஓட்ட முடியாமல் மாட்டிக்கொண்டீர்கள் என்றால், விண்ணப்பத்தில் கணக்கை யார் இயக்குவது என்ற கேள்வி வரும். பெரும்பாலோர் படிக்காமல் கையெழுத்துப் போடும் இடம் இது. நீங்கள் படியுங்கள். உங்கள் விதி இங்கேதான் இருக்கிறது.

"ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்று ஒன்று இருக்கும். முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே பணத்தைத் தொடலாம். இரண்டாமவரின் முறை அதற்குப் பிறகு. மனைவியின் பெயர் பாஸ்புக்கில் அழகாக அச்சாகியிருக்கும். விருந்தாளிகளிடம் காட்டலாம். அதிகாரம் மட்டும் நீங்கள் காலமான பிறகு வந்துசேரும். கூட்டுக் கணக்கு இல்லை என்று எந்த நீதிபதியும் சொல்ல முடியாது.

"ஜாயின்ட்லி" என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையெழுத்து. பெரும்பாலான வங்கிகளில் இந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு கிடையாது, யு.பி.ஐ. கிடையாது. பால்காரருக்கும் காசோலைதான். பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பதிகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்துக்காகவாவது மாதத்தில் இரண்டு தடவை முகம் பார்த்துக்கொள்வார்கள்.

"ஐதர் ஆர் சர்வைவர்" என்பதைத்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யார் வேண்டுமானாலும் என்பதில், ஒருவரே மொத்தத்தையும் எடுத்துவிடுவதும் அடக்கம். சந்தேகம் வந்தால் ஒருவர் வங்கிக்கு எழுதிக்கொடுத்து, இனி இரண்டு கையெழுத்தும் இல்லாமல் கொடுக்காதீர்கள் என்று நிறுத்திவைக்கலாம். கடிதம் போய்ச் சேருமுன் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால் வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

யார் பெயர் முதலில்?

இது கௌரவப் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். இல்லை. வருமான வரி பிடிப்பது முதல் பெயரில். பல வங்கிகளில் குறுஞ்செய்தி போவதும் முதல் பெயருக்கு. ஆகவே சண்டை நியாயமானதுதான். தீர்வும் இருக்கிறது: இரண்டு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அவர் முதலில், இன்னொன்றில் நீங்கள் முதலில்.

சும்மா சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கி மூழ்கினால் ஒரு வாடிக்கையாளருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசை மாறினால் அது வேறு உரிமை என்று வைப்புக் காப்பீட்டுக் கழகமே சொல்கிறது. அதாவது கணவன்–மனைவி கணக்குக்குத் தனியாக 5 லட்சம், மனைவி–கணவன் கணக்குக்குத் தனியாக 5 லட்சம். இந்தக் கையேட்டில் உருப்படியான வரி இது ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

வங்கி எங்கே மூழ்கும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரின் ஞாபகம் குறைவு. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது மதராஸில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் போனது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்குப் போட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியை உருவாக்கினார். சரி, அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் முதிர்ந்த டெபாசிட் திரும்பி வரவில்லை என்று புகார் கிளம்பி, பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது 2024-ல். நிதி நிறுவனங்களுக்கு அந்த 5 லட்சக் காப்பீடும் கிடையாது. "வட்டி ஒண்ணரை பர்சன்ட் கூட" என்று பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னதற்காக இருவர் பெயரிலும் சேர்த்துப் போட்டால், இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் போகும்.

குறுஞ்செய்தி என்னும் மாமியார்

கணக்குத் தொடங்கியாயிற்று. இனி வீட்டில் தூங்காத மாமியார் ஒருவர் குடியேறியிருக்கிறார். எதையும் தடுக்க மாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார், பார்த்ததை உடனே சொல்லிவிடுவார்.

வடக்கு மாட வீதியில் கீரைக்காரம்மாவின் க்யூ.ஆர். அட்டையில் மனைவி 30 ரூபாய் அனுப்பினால், கிண்டியில் மீட்டிங்கில் இருக்கும் கணவரின் போன் அதிரும். அடுத்து 45. அடுத்து 60. மீட்டிங் முடிவதற்குள் இரவுச் சாப்பாடு என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும். இது வரை நல்லதுதான். வீட்டுக்கு வந்ததும் "அறுபது ரூபாய்க்கு என்ன வாங்கின?" என்று கேட்காமல் இருப்பதற்குத்தான் தவம் செய்ய வேண்டும். அனுபவசாலிகள் மூன்று நாள் பொறுத்து, வேறு பேச்சுக்கு நடுவில், "இப்பல்லாம் கொத்தமல்லி என்ன விலை?" என்று ஆரம்பிப்பார்கள். மனைவிக்கு உடனே புரிந்துவிடும். புரிந்ததைக் காட்டிக்கொள்ள மாட்டார்.

சிறு கடைக்காரர்களின் க்யூ.ஆரில் கடைப் பெயர் வராது, ஆள் பெயர்தான் வரும். இதில் விழுந்த குடும்பங்கள் உண்டு. வாரத்தில் நான்கு நாள், காலை பதினொன்றரை மணிக்கு, ஜெயந்தி என்பவருக்கு 50 ரூபாய் போகிறது. மனைவி ஒரு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "யாருங்க ஜெயந்தி?" என்று கேட்பார். ஆபீஸ் வாசலில் வடை போடும் அம்மா என்பது உண்மை. ஆனால் சர்க்கரைக்காகவும் கொழுப்புக்காகவும் டாக்டர் வடையை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது என்பதும் உண்மை. எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று கணவர் யோசிக்கும் அந்தச் சில விநாடிகள்தான் அவரை மாட்டிவிடும். வடைக்கு எப்போதும் ரொக்கம் கொடுங்கள்.

கூட்டுக் கணக்கே வேண்டாம், ஆனால் நவீனமாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு 2024 ஆகஸ்டில் யு.பி.ஐ. சர்க்கிள் என்று ஒன்று வந்தது. உங்கள் கணக்கிலிருந்து மனைவி தன் போனில் செலவு செய்யலாம்: ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை. சம்பள நாளன்று சாமி படத்துக்கு முன்னால் எண்ணிக் கொடுத்து, மாசக் கடைசியில் கணக்குக் கேட்ட தாத்தாவை அப்படியே போனுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். தாத்தாவாவது மாசக் கடைசி வரை காத்திருந்தார்.

உஸ்மான் சாலையில் நடந்துகொள்ள வேண்டிய முறை

புடவைக்கடை பில் ஒரே தொகையாகக் குறுஞ்செய்தியில் வரக் கூடாது. இது தி. நகரின் முதல் விதி. கொஞ்சம் கூட்டுக் கணக்கில், கொஞ்சம் சொந்தக் கணக்கில், மிச்சம் பர்ஸில் என்று பிரித்துக் கட்டுவதைக் கடைக்காரர்கள் முகம் மாறாமல் வாங்கிக்கொள்வார்கள். கணவன்மாருக்கும் இதே விதி. அவர்களுக்குக் கடை ரிச்சி தெருவில் இருக்கும், அவ்வளவுதான்.

நகைச் சீட்டு இன்னும் நாசூக்கானது. பதினொரு மாதம் கட்டுகிறோம், பன்னிரண்டாவது மாதம் நகை. ஏன் பதினொன்று என்று கேட்டால் ராசி என்பார்கள். ராசி இல்லை. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளைக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்று கம்பெனிச் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மாதாமாதம் ஒரே தேதியில் போகும் தொகையைக் கணவர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நினைக்கட்டும். ஆபத்துக்கு உதவும் என்பதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அந்த நகை யாருடையது என்ற கேள்விக்கு இடமே வேண்டாம். மனைவிக்குச் சீராகவும் பரிசாகவும் வந்த நகை அவருடைய தனிச் சொத்து, கணவனோடு கூட்டுச் சொத்து ஆகாது என்று 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். திருப்பித் தர வேண்டும். ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டுவதற்காக 2009-ல் அடகுக்குப் போன வளையல்கள் நினைவுக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு மேலே படிக்கலாம்.

ஃபிளாட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அடையாறில் 10 லட்சத்துக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் கிடைத்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

கடுகு டப்பாவைத் தொடாதீர்கள்

கூட்டுக் கணக்குக்கு வெளியே ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு கணக்கு உண்டு. அதற்குப் பாஸ்புக் கிடையாது. கடுகு டப்பா, துவரம் பருப்புக்கு அடியில், கூரைப் புடவை மடிப்பு, திருப்பதிக்கு முடிந்த மஞ்சள் துணிக்குப் பக்கத்து முடிச்சு: இவை கிளைகள். சிறுவாடு என்று பெயர். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசி முடித்தபோது இந்தக் கிளைகளெல்லாம் ஒரே நாளில் திறந்தாக வேண்டியதாயிற்று. 500, 1,000 நோட்டுகளைக் கட்டுக் கட்டாக மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போன மனைவியையும், வாயைத் திறக்காமல் எண்ணிய கணவனையும் அந்த வாரம் தென் சென்னை பார்த்தது. அவள் சேர்த்தது குற்றமில்லை, இவன் ஏமாந்ததும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது ஏன் பற்றவில்லை என்று கேட்பதை அவன் நிறுத்தினான்.

சிறுவாட்டுக்குச் சட்டமும் அனுகூலம்தான். இல்லத்தரசிகள் அப்போது வங்கியில் போட்ட 2.5 லட்சம் வரையிலான தொகையை வருமானமாகப் பார்க்கக் கூடாது என்று ஆக்ராவிலுள்ள வருமான வரித் தீர்ப்பாயம் 2021-ல் சொன்னது. கணவன் மனைவிக்குச் சும்மா கொடுத்த பணத்தில் வரும் வட்டி கணவன் வருமானத்தில் சேரும். வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் அவள் மிச்சம் பிடித்தது அப்படிச் சேராது என்பது பழைய தீர்ப்பு. ஆக, மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதைவிட அவள் உங்களிடமிருந்து மிச்சம் பிடிப்பது வரிக் கணக்கில் சிறந்தது. அரசுக்கும் இந்த ஞானம் உண்டு: 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்குக்குத்தான் போகிறது.

பாதிப் பாதியா?

இருவரும் சம்பாதிக்கும் அடையாறு வீடுகளில் எக்ஸெல் ஷீட் இருக்கும். வாடகை பாதி, மின்சாரம் பாதி, ஸ்விக்கி பாதி. கேட்க நியாயமாக இருக்கும். ஒருவருக்கு மாதம் ஒன்றரை லட்சம், இன்னொருவருக்கு 60,000 என்றால் அந்தப் பாதி ஒருவருக்குச் சில்லறை, மற்றவருக்குச் சம்பளம். வருமானத்தின் விகிதத்தில் கூட்டுக் கணக்கில் போடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கான வழி. மிச்சம் அவரவர் கணக்கில் இருக்கட்டும். அதைப் பற்றிக் கேள்வி கூடாது. ரொம்பத் துல்லியமாகக் கணக்குப் பார்த்தால் என்னாகும் என்பதை 1986-லேயே விசு 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வீட்டின் நடுவே கோடு போட்டுக் காட்டிவிட்டார்.

அம்மா வீட்டுக்கு அனுப்பும் பணம் எந்தக் கலத்தில் வரும் என்பதுதான் எக்ஸெல் உடையும் இடம். கணவர் தன் அம்மாவுக்கு அனுப்புவது "கடமை" என்ற தலைப்பில் இருக்கும். மனைவி தன் அம்மாவுக்கு அனுப்புவது "இதர செலவுகள்" என்பதில். கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்னது; 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்திலும் பிள்ளைகள் என்றால் மகளும் சேர்த்திதான். தலைப்பை மாற்றுங்கள்.

சம்பளமே இல்லாதவருக்கு என்ன பங்கு? இதற்குச் சென்னை உயர் நீதிமன்றமே 2023 ஜூன் மாதம் பதில் சொல்லிவிட்டது. கணவர் சவூதியில் வேலை செய்து பணம் அனுப்பினார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார், அந்தப் பணத்தில் சொத்து வாங்கப்பட்டது. சொத்து யாருடையது என்று வழக்கு. லீவே இல்லாமல் இருபத்துநாலு மணி நேரமும் அவர் செய்த வீட்டு வேலையும் அந்தச் சொத்தில் போட்ட பங்குதான், பாதி அவருக்கு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. "நான் சம்பாதிச்ச காசு" என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகும் சொல்ல விரும்புபவர்கள் வக்கீல் ஃபீஸுக்குத் தனியாக எடுத்து வைக்கவும்.

கடைசிக் கட்டம்

விண்ணப்பத்தின் கடைசியில் நாமினி. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். ஒருவர் பெயரை எழுதவே வீட்டில் மூன்று நாள் மௌனம் நிலவும், இப்போது நான்கு. அவசரப்பட வேண்டாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் யார் என்பதை உயில் சொல்லும். உயில் இல்லாவிட்டால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். அதன்படி இறந்தவரின் மனைவிக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆம், அம்மாவுக்கும்தான். இருபது வருடமாக யார் பக்கம் என்று சொல்லாமல் தப்பித்தவர், போன பிறகு இருவர் பக்கமும் சமமாக நின்றிருப்பார்.

கணக்குத் தொடங்க ஆதார், பான், ஆளுக்கு இரண்டு போட்டோ வேண்டும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது. இருவரும் நேரில் வர வேண்டும், ஆகவே யாராவது ஒருவர் லீவு போட்டாக வேண்டும். கட்டுரையை இவ்வளவு தூரம் படிக்க நேரம் கிடைத்தது யாருக்கோ, அவர் போடட்டும்.